கோவிலம்பாக்கம் வழியாக

அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். அவர் புகைப்பவர் அல்லர். புகைப்பவர் அருகில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர். தீப்பெட்டி, பிறருக்கு வழி சொல்வதற்காக.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் காலை மின்ரயிலில் சன்னலோரம் அமர்வார். கைப்பெட்டியை மடிமேல் கிடத்துவார். எவரேனும் எந்த ஊருக்கேனும் வழி கேட்டுவிட்டால், பெட்டி மூடியின்மீது குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்குவார். ஒரு குச்சி ஒரு சாலை. குச்சியின் மருந்துத் தலை, போகவேண்டிய திசை. ஒன்றின் தலை முடியுமிடத்தில் அடுத்ததன் வால் தொடங்கும். அங்கே இறங்கி வண்டி மாறவேண்டும் என்று பொருள். தலையோடு தலை சேர்த்து எக்காலத்தும் வைக்கமாட்டார். காரணம் கேட்டால், "பத்திக்கும் சார்" என்பார். உரசாமல் எப்படிப் பற்றும் என்று மடக்கினால், "பத்தாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். அவர் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எழுதிக் கொடுப்பதில் பிறருக்குள்ள அச்சம் அவருக்கு நன்கு தெரியும்.

வண்டி குலுங்கும்போதெல்லாம் தென்சென்னை இடம்பெயரும். பம்மல் நழுவிக் கடலோரம் போய்ச் சேரும். அவர் பொறுமையாக அதை மீட்டு, உரிய இடத்தில் வைப்பார். எங்கள் பெட்டியில் துறைமுகத்தில் பொருத்துநராக வேலைபார்த்த ஒருவர் வருவார். வாயிலருகே நின்று பீடி குடிப்பது அவர் வழக்கம். நெருப்பு இல்லாத நாள்களில் அங்கிருந்தே கை நீட்டுவார்.

"சார், வேளச்சேரிய கொஞ்சம் இப்டி குடு."

"அது வேணும்யா. வேளச்சேரி இல்லன்னா இவர் எப்படிப் போவாரு?"

"நடந்து போவட்டும் சார். இன்னா இப்போ?"

நேர்வழி என்பதன்மேல் தலைமை எழுத்தருக்கு ஒரு பகையே இருந்தது. எல்லாரும் போகும் வழி என்றைக்கேனும் அடைபடும் என்பது அவர் துணிபு. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாற்றுவழியும், அந்த மாற்றுவழிக்கு ஒரு மாற்றும் வைத்திருப்பார். பொழிச்சலூரில் ஒரு திருமணத்துக்குப் போகவேண்டிய வங்கிக்காரர் ஒருவருக்கு அவ்வாறு மூன்று வழிகள் அருளினார். வங்கிக்காரர் மூன்றாம் வழியில் சென்று, வேறு யாருடைய திருமணத்திலோ அமர்ந்து உண்டுவிட்டு வந்தார். மறுநாள் ரயிலில் அவர் சீறியபோது, நம்மவர் அமைதியாகக் கேட்டது இவ்வளவுதான்:

"சாப்பாடு எப்படி?"

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன சார்?"

அவருக்கு வேறொரு கொள்கையும் உண்டு. "சீக்கிரம் போறது பெருசில்ல. உக்காந்து போகணும்" என்பார். தீபாவளிக்கு ஊர் செல்பவர்கள் பெருங்களத்தூரில் பேருந்துக்கு முட்டிமோதுவதை ஏளனமாகப் பார்ப்பார். ஒருமுறை தம் அண்டைவீட்டுக் குடும்பத்தைத் தெற்கே போவதற்காக வடக்கே அனுப்பினார். வண்டி புறப்படும் இடத்திலேயே போய் ஏறிக்கொள்ளுங்கள் என்பது யோசனை. அந்தக் குடும்பம் பண்டிகைக்கு மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்தது. ஆனால், உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தது. இதை அவர் வெற்றியாகவே சொல்வார்.

மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். முன்கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தபின், பக்கத்துச் சந்து வழியாக அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"பின்பக்கமா வாங்க தம்பி. இந்த வீட்டுக்கு முன்வாசலும் உண்டு. ஆனா அது இவருக்கு மாற்று ஏற்பாடு."

இனி, என்னைப் பற்றி ஒரு சிறிது சொல்லியாகவேண்டும். சொல்லாமல் அவரைச் சொல்ல இயலாது. நான் அப்போது பாரிமுனையருகே ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். தாம்பரத்திலேயே ஏறுவதால் எனக்கு இருக்கை கிடைத்துவிடும். பல்லாவரத்தில் ஒரு பெண் ஏறுவாள். பூங்கா நகரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். அவளுக்கு இடம் கிடைக்காது. அமர்ந்திருப்பவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது மின்ரயிலின் அறம். அவ்வறத்தின்படி அவளுடைய சாப்பாட்டுப் பை நாள்தோறும் என் மடிக்கு வரும். "இதக் கொஞ்சம்" என்பாள் வாங்கும்போது. "தேங்ஸ்" என்பாள் இறங்கும்போது. ஓராண்டுக்கு மேலாக எங்களிடையே நடந்த உரையாடல் இதுவே. ஆனால் அந்தப் பையின் இளஞ்சூட்டைக்கொண்டே அன்று எலுமிச்சைச் சோறா, வத்தக்குழம்பா என்று சொல்லக்கூடிய நிலைக்கு நான் வந்திருந்தேன். அவளோடு பேசவேண்டிய சொற்றொடர் ஒன்றை மாதக்கணக்காக மனத்துள் திருத்திக்கொண்டும் இருந்தேன். மெய்ப்புத் திருத்துபவனுக்கு எந்த வாக்கியமும் எளிதில் அச்சுக்குப் போவதில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு கார்த்திகைக் கடைசியில் இரண்டு செய்திகள் ஒரே காலைப்பொழுதில் வந்தன. முதல் செய்தி நிலைய அறிவிப்புப் பலகையில் இருந்தது: தண்டவாள வேலை காரணமாக மார்கழி முழுவதும் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் இடையே மின்ரயில் ஓடாது. இரண்டாம் செய்தி, என் தலைக்குமேல் கம்பியைப் பிடித்தபடி அவள் தன் தோழியிடம் சொன்னது.

"மாப்ள வீட்டுல ஓகே சொல்லிட்டாங்கடி. மார்கழில வரமாட்டாங்க இல்ல? தை பொறந்தா வந்து தட்டு மாத்திடுவாங்க."

"உனக்கு ஓகேவா?"

"என்ன யாரு கேட்டா?"

அவளுடைய பை என் மடியில் இருந்தது. ரயில் மீண்டும் ஓடத் தொடங்கும்போது தை பிறந்திருக்கும். அவளுக்குத் தட்டு மாற்றியிருப்பார்கள். அவள் பல்லாவரத்தில் ஏறுவாள் என்பதற்குமேல் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சன்னலோரத்தில் தலைமை எழுத்தர் கண்மூடிச் சாய்ந்திருந்தார், உறங்குவதாகவே எண்ணினேன்.

மறுநாள் முதல் அவருடைய பொற்காலம் தொடங்கியது. வாழ்நாள் முழுவதும் அவர் எதிர்பார்த்திருந்த அடைப்பு வந்துவிட்டதல்லவா? பெட்டியில் ஒருவரையும் விடவில்லை. வீடு எங்கே, அலுவலகம் எங்கே, நிற்க முடியுமா, முழங்கால் வலி உண்டா என்று விசாரித்து விசாரித்து ஆளுக்கொரு வழி அடுக்கினார். இரண்டு தீப்பெட்டிகள் தீர்ந்தன. வங்கிக்காரர் மட்டும் கைகூப்பி, "எனக்கு ஜி.எஸ்.டி. ரோடு போதும் சார். நின்னுக்கிட்டே போறேன்" என்று தப்பித்துக்கொண்டார்.

என் முறை வந்தது. தாம்பரத்திலிருந்து கிழக்கே ஒரு குச்சி. சேலையூர் தாண்டி மேடவாக்கம். அங்கே இறங்கி, மேடவாக்கத்தில் புறப்படும் பாரிமுனைப் பேருந்து. அது கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாகப் பரங்கிமலையைத் தொட்டு நகருக்குள் போகும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழி.

பொருத்துநர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா சார் இது? நேரா போற ரோட்ட வுட்டுட்டு அவர ஊர்கோலம் வுடற? அவரு ஆபீஸ் போவணுமா, சாமி பொறப்பாடா?"

"உக்காந்து போவாருய்யா. மேடவாக்கத்துல வண்டி காலியா பொறப்படும்."

எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. பிழை பார்க்கும் கண். "கோவிலம்பாக்கத்தில் குச்சியைத் திருப்பி வைத்துவிட்டீர்கள். தலையோடு தலை இடிக்கிறது" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "வண்டி குலுங்கிடுச்சு தம்பி" என்று சொல்லிக் குச்சிகளைப் பெட்டிக்குள் தள்ளினார். திருத்தி வைக்கவில்லை.

மார்கழி முதல் நாள் காலையில் நான் செய்த காரியத்தைப் பிற ஊரார் நம்பமாட்டார்கள். குளித்து, உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு, கால்கள் பழகிய வழியே தாம்பரம் நிலையத்துக்குப் போய், நடைமேடையில் எங்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் நின்றேன். நான் மட்டும் அல்லேன். வங்கிக்காரர் நின்றார். பொருத்துநர் பீடியுடன் நின்றார். ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில், வராத ரயிலுக்காகப் பனியில் நின்றோம். சற்றுத் தள்ளி, சன்னலோர இருக்கை வந்து நிற்கும் இடத்தில், கைப்பெட்டியோடு தலைமை எழுத்தர் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் ஒரு கணம் வெளிறியது.

"இன்னா சார்," என்றார் பொருத்துநர், "நீயுமா?"

"யாராவது மறந்துபோய் இங்க வந்து நிப்பீங்கன்னு தெரியும். அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அன்று அதை ஒருவரும் நம்பவில்லை.

நான் அவருடைய வழியைப் பொருட்படுத்தாமல், தண்டவாளத்தை ஒட்டியே நேராகப் போகும் ஜி.எஸ்.டி. சாலையிலேயே சென்றேன். காரணம் வெளிப்படையானது: பேருந்து பல்லாவரத்தில் நிற்கும். ஒரு காலில் நின்று, பிறர் தோள்களுக்கு இடையே கழுத்தை நீட்டி, ஒவ்வொரு நாளும் பல்லாவரம் நிறுத்தத்தைத் துழாவினேன். ஊரே அங்கே நின்றது, அவள் இல்லை. ஒரு வாரம் இவ்வாறு கழிந்தது. மார்கழி தேய்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலை, பேருந்து நிலையத்தில் முழங்கையை யாரோ பற்றினார்கள். தலைமை எழுத்தர். நாள்தோறும் அங்கே நின்று, தம் ஏற்பாடு எவ்வாறு நடக்கிறது என்று மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் அலுவலகம் போகிறாராம்.

"நீங்க இன்னும் நம்ம வழியில போகல."

"சுற்று அதிகம் சார்."

"ஒரே ஒரு நாள் போங்க. பிடிக்கலன்னா இனிமே உங்களுக்கு வழியே சொல்லமாட்டேன்."

இப்பேறு கிடைக்குமெனில் எவர்தாம் மறுப்பார்? மேடவாக்கம் போகும் பேருந்தில் அவரே என்னை ஏற்றிவிட்டார். மேடவாக்கத்தில் அவர் சொன்ன வண்டி, சொன்னபடியே காலியாகப் புறப்பட்டது. சன்னலோரம் அமர்ந்தேன். வழியில் ஏரிக்கரையின்மேல் பனி படிந்திருந்தது. கோவிலம்பாக்கம் வருவதற்குள் இருக்கைகள் நிறைந்துவிட்டன. அங்கே சிலர் ஏறினர். என் தோளருகே ஒரு சாப்பாட்டுப் பை வந்து நின்றது.

"இதக் கொஞ்சம்," என்றது பழகிய குரல். பிறகு, "நீங்க எங்க இந்தப் பக்கம்?"

அவளுடைய வீடு கோவிலம்பாக்கத்தில் இருந்ததை அன்றுதான் அறிந்தேன். பல்லாவரம் அவள் ரயில் ஏறும் இடம் மட்டுமே. பையை வாங்கினேன். புளியோதரை. இனித் திருத்துவதற்கு நேரமில்லை என்று தோன்றியது.

"தங்களிடம் ஒரு செய்தி சொல்லவேண்டும்" என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். "தங்களா? எங்க வீட்டுல என்ன 'ஏய்'னுதான் கூப்புடுவாங்க. சாதாரணமாச் சொல்லுங்க."

எனக்குச் சாதாரணமாகச் சொல்லத் தெரியவில்லை. கீழ்க்கட்டளை வந்தது, போனது. பரங்கிமலை தெரியத் தொடங்கியது. "இந்தப் பையை எப்போதும் நானே வைத்துக்கொள்ள விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டேன். முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பை களவாடுபவன் என்று கருதியிருக்கக்கூடும்.

அவள் இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டாள், "தேங்ஸ்" சொல்லவில்லை. மறுநாள் மீண்டும் அதே பேருந்தில் போனேன். ஏறியதும் பையைத் தந்துவிட்டுச் சொன்னாள்:

"தை பொறக்கறதுக்குள்ள எங்க அப்பாகிட்ட வந்து பேசணும். அப்பா திட்டுவாரு. அதுக்காகப் பாதியில ஓடக்கூடாது."

இங்கேதான் முட்டுக்கட்டை. மார்கழியில் ஒருவர் வீட்டுக்குப் பெண் கேட்டுப் போவது வழக்கமில்லை. போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால், அவர்கள் வந்துவிடுவார்கள். இரண்டு நாள் உறக்கமின்றி உழன்றபின், பேருந்து நிலையத்தில் தலைமை எழுத்தரிடம், யாரோ ஒருவருக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மார்கழியில் ஒரு நல்ல காரியம் பேச ஒருவர் வீட்டுக்குப் போகலாமா சார்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பேருந்தின் பலகையைப் பார்த்தார். "கூடாது தம்பி. ஆனா மனை பாக்கப் போலாம். கோவிலம்பாக்கம் பக்கம் நெறய விக்கறாங்க."

நான் ஊரைச் சொல்லியிருக்கவில்லை என்பது எனக்கு மேடவாக்கம் தாண்டித்தான் உறைத்தது.

என் தாயாரை அழைத்துக்கொண்டு மனை பார்க்கப் போனேன். பூவில்லை; வெற்றிலை பாக்கு இல்லை. அவள் தந்தையார் அவ்வூரின் பழைய உழவர் குடி. ஏர் பூட்டிய நிலத்தைக் கல் நட்டு விற்றுக்கொண்டிருந்தார். முள்வேலி ஓரமாக நடத்திச் சென்று, கிழக்கு பார்த்த மனையொன்றைக் காட்டினார். என் தாயார் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மனை லட்சணமா இருக்குங்க. பொண்ணு எங்க?"

அவர் திட்டினார். அவள் எச்சரித்ததைவிட ஒரு பங்கு மிகுதியாகவே திட்டினார். நான் ஓடவில்லை; வேலியில் வேட்டி சிக்கியிருந்ததும் ஒரு காரணம். மூச்சு வாங்க நின்றவர், திடீரென்று கேட்டார்:

"எம் பொண்ண நீ எங்க பாத்த?"

"பேருந்தில். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வந்து, அங்கிருந்து இப்படி."

"டெய்லியா?"

"நாள்தோறும்."

"ஜி.எஸ்.டி. ரோடு ஒங்க ஊரு வாசல்லயே இருக்கு. அத வுட்டுட்டு?" என்னை மேலும் கீழும் பார்த்தார். வேலியிலிருந்து வேட்டியை அவரே எடுத்துவிட்டார். "இவ்ளோ சுத்தி வர்றவன் பாதியில வுட்டுட்டுப் போமாட்டான்" என்று என் தாயாரிடம் சொன்னார். தை பிறந்ததும் முதல் தட்டு எங்களுடையதாக இருந்தது.

திருமணத்துக்குத் தலைமை எழுத்தர் வந்திருந்தார். மண்டபத்தின் சமையற்கட்டு வழியாக நுழைந்து, வாழ்த்திவிட்டு, மணமகன் அறைவழியே வெளியேறினார். முன்வாசலில் அவரை வரவேற்கச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவர்கள் நெடுநேரம் நின்றார்கள்.

பிறகு அவர் பணி ஓய்வு பெற்றார். நாங்கள் குரோம்பேட்டைக்குக் குடிபோனோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிறு மாலை இருவருமாக அவரைப் பார்க்கப் போனோம், பின்வாசல் வழியாக. தலை முழுதும் நரைத்திருந்தது. தீப்பெட்டி சட்டைப்பையில் இருந்தது. காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, நெடுநாளாகக் கேட்க எண்ணியதைக் கேட்டேன்.

"சார், அந்த மேடவாக்கம் வழி, வேண்டுமென்றே எனக்குச் சொன்னதுதானே?"

"அதுல உக்கார எடம் கெடைக்கும். அதுக்குத்தான்."

"கோவிலம்பாக்கத்தில் தலையோடு தலை வைத்தீர்களே."

"வண்டி குலுங்கிடுச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே."

என் மனைவி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். "சார், ரயில் நிக்கறதுக்கு முந்தின வாரம், ஒருநாள் சாயங்காலம் பல்லாவரத்துல எங்கூட எறங்குனீங்க. பிளாட்பாரம் பெஞ்சுல உக்காந்து எனக்கும் ஒரு வழி போட்டுக் காட்டுனீங்க. அதுலயும் கோவிலம்பாக்கத்துல ரெண்டு குச்சியும் தலையோட தலை. பெஞ்சு எப்படி சார் குலுங்கும்?"

எனக்கு இது புதுச் செய்தி. தாம்பரத்துக்காரர் பல்லாவரத்தில் இறங்கியிருக்கிறார்.

அவர் சற்றும் கலங்கவில்லை. "அந்த பெஞ்சுக்குக் கால் ஆடும்மா. இப்பவும் போய்ப் பாருங்க."

"சரி. நீங்க சொன்ன பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு பஸ் வரும், காலியா. உக்காந்தே போலாம். அதுல ஏறாதே, பிரேக் சரியில்லன்னு சொன்னீங்க. மாசம் முழுக்க அத விட்டுட்டு, அடுத்த பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். நெஜமாவே பிரேக் சரியில்லியா?"

உட்கார்ந்து போவதே பயணத்தின் பயன் என்று வாழ்ந்த மனிதர், ஒரு பெண்ணை மாதம் முழுவதும் நிற்க வைத்திருக்கிறார். அவர் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "இவருக்கு சைக்கிள் பிரேக்கே தெரியாதும்மா. செவுத்துல மோதித்தான் நிப்பாரு."

அவர் தீப்பெட்டியை எடுத்து, காதருகே ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். "எந்த வழியா திரும்பிப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். மேற்குத் தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டைக்கு அவர் அடுக்கிய வழி பம்மலைத் தொட்டுச் சென்றது. எல்லாக் குச்சிகளும் ஒழுங்காகத் தலைக்கு வால் நின்றன.

விடைபெற்று நிறுத்தத்துக்கு வந்து நின்றோம். இருட்டத் தொடங்கியிருந்தது. குரோம்பேட்டைக்கு நேரே போகும் பேருந்து ஒன்று விளக்கெரிய வந்து நின்றது. உள்ளே இருக்கைகள் எல்லாம் வெறுமனே இருந்தன. நான் படியில் கால் வைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இருங்க. இதுல பிரேக் சரியில்ல."